ஸ்டட் இல்லாத சக்கரத்துக்கு ஆயுத பூஜை

1

கார் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று கேட்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். ஆயுத பூஜையன்று காலைவரை நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று விடிந்ததும் தம்பி சேகர் குடும்பக் குழுவில் படங்களைக் கொட்டியிருந்தான். திருச்செங்கோட்டில் எங்கள் லாரி ஷெட். வரிசையாக வண்டிகள், வாழைக்கன்று, கதம்ப மாலை, பொரி மூட்டை. கீழே எனக்கென்று ஒரு கேள்வி: “அக்கா, உங்க வண்டிக்குப் பூச ஆச்சுங்களா?” அத்தை, சித்தி, சித்தியின் மருமகள் எல்லோரும் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். பதில் போடாவிட்டால், சிங்கப்பூர் போனவள் சாமியை மறந்துவிட்டாள் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எனக்குத் தெரியாதா அவர்களை.

அங்கே இருப்பவர்களுக்கு ஒன்று புரிவதில்லை. இங்கே ஆயுத பூஜைக்கு விடுமுறை கிடையாது. என் வீட்டுக்காரர் துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். பொழுது விடிவதற்கு முன்பே கம்பெனிப் பேருந்தில் ஏறிப் போய்விட்டார். கலைமகள் வந்தாலும் ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் வரவேண்டும். எங்கள் காரும் அவருடைய தேர்வுதான். “ஐரோப்பா வண்டி, அதன் கதவைச் சாத்துற சத்தமே வேற” என்று சொல்லி, யாரோ ஓட்டிச் சலித்த ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். கதவு நன்றாகத்தான் சாத்துகிறது.

2

வேறொரு நாளாக இருந்தால் பிள்ளையாருக்கு ஒரு சூடம் காட்டி, காருக்கு ஒரு மாலையைப் போட்டுப் படம் எடுத்து அனுப்பியிருப்பேன். அன்று என் மகள் வீட்டை விட்டுப் போகிற நாள்.

பதற வேண்டாம், கல்யாணமெல்லாம் இல்லை. அதுதான் பிரச்சினையே. மதிவதனிக்கு வேலை கிடைத்திருக்கிறது. நாங்கள் மதி என்று கூப்பிடுகிறோம், அவள் சிநேகிதர்கள் மேடி என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயருக்குத்தான் உடனே திரும்பிப் பார்க்கிறாள். அவளும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து ஃபேரர் பார்க்கில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து, ஆளுக்கோர் அறை வைத்திருக்கிறார்கள். நாங்கள் இருப்பது ஜூரோங் வெஸ்ட். ரயிலில் உட்கார்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டால் ஃபேரர் பார்க் வந்துவிடும். ஒரே ஊருக்குள் அப்பா அம்மா இருக்கும்போது தனி அறை எதற்கு என்று கேட்டால், “எனக்கு ஸ்பேஸ் வேணும் மா” என்கிறாள். அவள் எடுத்திருக்கும் அறையில் கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்குமாம். அதில் எங்கே இருக்கிறது ஸ்பேஸ்?

இதைப் படிக்கும் சித்தி, அத்தை எல்லோருக்கும் விஷயம் இப்போதுதான் தெரிகிறது. தெரிந்துகொள்ளுங்கள். நான் சண்டை போட்டேன், அழுதேன், இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன். வந்து அறையையாவது பார் என்று அவள் பலமுறை கூப்பிட்டாள். என் கால் அங்கே படாது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எப்படிப் போவது?

அன்று மதியம் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அவளே ஓட்டிப் போவதாக ஏற்பாடு. லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நெடுஞ்சாலையில் போகவேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் “பார்த்துப் போ, கண்ணு” என்று வாயைத் திறந்து சொல்ல வீம்பு விடவில்லை. அதனால் சக்கரத்தைக் கழற்றினேன்.

3

சக்கரத்தை எதற்குக் கழற்ற வேண்டும் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். எங்கள் ஷெட்டில் அதுதான் வழக்கம். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு லாரியாக ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிரேக் டிரம்மைக் கழுவித் துடைத்து, அதில் சந்தனம் குங்குமம் வைத்து, அட்சதை போட்டு, பிறகுதான் மாட்டுவார்கள். வெளியே வைப்பது முதல் மழையில் போய்விடும், உள்ளே வைப்பது வருஷம் முழுக்க வண்டியோடு ஓடும் என்பது எங்கள் அப்பாவின் கணக்கு.

அதை ஏதோ சொர்க்கம் மாதிரி நான் சொல்லப்போவதில்லை. மற்ற நாளெல்லாம் ஷெட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தால், “பொட்டப்புள்ளைக்கு இங்க என்ன வேல?” என்று விரட்டுவார்கள். அந்த ஒருநாள் மட்டும் சந்தனம் வைக்கப் பெண்கள் வேண்டும். வைத்து முடித்ததும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். சக்கரம் மாட்டுவது ஆண்கள் வேலை. ஆனாலும் வாசலில் ஒளிந்து நின்று பார்த்தே ஜாக்கி வைப்பதையும் நட்டுக் கழற்றுவதையும் கற்றுக்கொண்டேன். இங்கே வந்தபிறகு பஞ்சர் ஆன ஒரு பழைய ஜப்பான் காருக்கு நானே சக்கரம் மாற்றி, வீட்டுக்காரர் வாயைப் பிளந்தது தனிக்கதை.

அந்தத் தைரியத்தில் பத்து மணி வாக்கில், எங்கள் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் மேல்தளத்தில், முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினேன். ஐந்து போல்ட்டும் சிரமமில்லாமல் வந்தன. சக்கரமும் கையோடு வந்தது. உள்ளே டிரம் இல்லை, பளபளவென்று டிஸ்க். டிஸ்க்கில் சந்தனம் வைத்தால் பிரேக் வழுக்கும் என்கிற அளவுக்கு எனக்கும் அறிவு உண்டு. அதன் நடுவில், போல்ட் ஓட்டைகளைச் சுற்றி, தட்டையாக ஓர் இடம் இருந்தது; ஹப் என்பார்கள். யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லாத இடம். துடைத்து, ஓட்டைக்கு ஓட்டை நடுவே தேக்கா சந்தையில் வாங்கிய சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, அட்சதை தூவினேன். ஈரச் சந்தனத்தில் அரிசி அழகாக ஒட்டிக்கொண்டது. படமும் எடுத்துக்கொண்டேன்.

பிறகு சக்கரத்தைத் தூக்கி மாட்டப் போனால், மாட்டுவதற்கு எதுவும் இல்லை.

4

நம் ஊர் வண்டிகளில் ஹப்பிலிருந்து ஸ்டட், அதாவது மரை போட்ட கம்பிகள், நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தைத் தூக்கி அதில் தொங்கவிட்டால், அது பாட்டுக்கு நிற்கும். நாம் நிதானமாக நட்டைப் போட்டு முறுக்கலாம், நடுவில் டீ குடிக்கலாம். இந்த ஐரோப்பா வண்டியில் ஸ்டட்டே கிடையாது. ஹப்பில் வெறும் ஓட்டைகள். சக்கரத்திலும் ஓட்டைகள். ஒரு கையால் சக்கரத்தை அந்தரத்தில் தாங்கிக்கொண்டு, இரண்டு ஓட்டைகளையும் நேராக்கி, இன்னொரு கையால் போல்ட்டைச் சொருகித் திருக வேண்டும். இதைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்கு மூன்று கை இருந்திருக்க வேண்டும்.

தூக்கினேன். ஓட்டையைத் தேடினேன். ஓட்டை நேராக வரும்போது கை நழுவியது. கை நிற்கும்போது ஓட்டை ஓடியது. குனிந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்தது, சாயாமல் பிடித்தால் குனிய முடியவில்லை.

அந்த நேரத்தில் ஜமால் அண்ணன் வந்தார். எங்கள் தளத்துக்காரர். அவர் வாப்பா காலத்திலேயே காயல்பட்டினத்திலிருந்து வந்து தேக்காவில் கடை வைத்திருந்த குடும்பம். ஓய்வுபெற்ற பிறகு ஊர் வம்பைத் தவிர அவருக்கு வேறு சரக்கு இல்லை.

“என்ன தங்கச்சி, பஞ்சரா?”

“இல்லண்ணே, ஆயுத பூஜை.”

அவர் அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. “இந்த வண்டிக்கு ஸ்டட் கிடையாது லா. எனக்கு இடுப்பு சரியில்ல, வாயாலதான் ஹெல்ப் பண்ண முடியும்” என்று சொல்லிப் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். சொன்னபடியே செய்தார். இடது பக்கம் என்றார், வலது பக்கம் என்றார், லேசாக ஓர் உதை கொடு என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் சக்கரம் ஒருமுறை கீழே விழுந்தது.

சத்தம் கேட்டுச் சீருடை போட்ட ஒரு காவலாளி வந்தார். தூணில் ஒரு பலகை. நான்கு மொழியில், தமிழிலும்தான், இங்கே வாகனங்களைப் பழுதுபார்க்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அதைக் காட்டி, “ஆன்ட்டி, ஹியர் கேனாட் ரிப்பேர்” என்றார்.

“நோ ரிப்பேர். ப்ரேயர்” என்றேன்.

அவர் சக்கரத்தைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “ப்ரேயர் ஆல்ஸோ நீட் பெர்மிட், ஆன்ட்டி” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெர்மிட் எடுக்கிற இணையப்பக்கத்தை இப்போதே திறந்து காட்டச் சொன்னேன். ஜமால் அண்ணன் நடுவில் புகுந்து மலாயில் ஏதோ சொல்ல, சீக்கிரம் முடித்துவிட்டுப் போகச்சொல்லி அவர் நகர்ந்தார்.

கடைசியில் தரையில் செய்தித்தாளைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு பாதத்தின் மேலும் சக்கரத்தை ஏற்றி, கால்விரலால் நெம்பித் தூக்கினேன். ஒரு போல்ட் கவ்வியது. உயிர் வந்தது. மற்ற நான்கையும் போட்டு, ஸ்பேனர் மேல் ஏறி நின்று முறுக்கினேன். முறுக்கும்போது உள்ளே கரக் கரக் என்று ஏதோ நொறுங்கியது. பழைய வண்டி, துரு நொறுங்குகிறது என்று நினைத்தேன். மீதி மூன்று சக்கரத்துக்கும் வெளியிலேயே பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

5

வீட்டில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஆயுதங்களை வைத்தேன். அரிவாள்மணை, தையல் கத்தரி, வீட்டுக்காரரின் ஹெல்மெட், ஜாக்கி, வீல் ஸ்பேனர். வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக்கூடாது. காருக்குத்தான் அன்று ஓய்வில்லை, அதன் ஸ்பேனருக்காவது இருக்கட்டும் என்று எண்ணம். லேப்டாப்பை வை என்று மதியிடம் கேட்டேன்.

“மா, எனக்கு டெட்லைன் இருக்கு லா. சரஸ்வதி வில் அண்டர்ஸ்டாண்ட்.”

மதியம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். “நான் கிளம்புறேன். நீங்க வரீங்களா, இல்லையா?”

“எனக்கு வேலை இருக்கு” என்றேன். ஒரு வேலையும் இல்லை. சுண்டல்கூட ஆகிவிட்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

மனத்தைத் திருப்புவதற்காகக் குடும்பக் குழுவில் என் படத்தைப் போட்டேன். ஐரோப்பா ஹப்பில் அழகாகச் சந்தனம், குங்குமம், அட்சதை. பாருங்கள், நானும் திருச்செங்கோட்டுக்காரிதான். ஐந்து நிமிடத்தில் சேகரே கூப்பிட்டுவிட்டான்.

“அக்கா, போட்டோல இருக்கறது ஹப்பு தானுங்களே?”

“ஆமாண்டா. நம்ம ஷெட்டுல வெக்கற மாதிரியேதான் வெச்சேன்.”

“தொடச்சுட்டுத்தானே மாட்டுனீங்க?”

“சாமிக்கு வெச்சத எதுக்குடா தொடைக்கோணும்?”

அவன் மெதுவாகச் சொன்னான்: “அக்கா, நீங்கெல்லாம் வெச்சுட்டு ஊட்டுக்குப் போனதுக்கப்புறம், சக்கரம் ஒக்கார்ற எடத்துல இருக்கறத மட்டும் அப்பா துணி போட்டுத் தொடச்சுருவாரு. அதுக்கப்புறந்தான் மாட்டவே உடுவாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

எனக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் நான் வீட்டில் பொரிக்கு வெல்லம் நுணுக்கிக்கொண்டிருப்பேன். வருஷா வருஷம் குளித்து, பாவாடையில் கரி படியக் குனிந்து, பக்தியோடு வைத்த சந்தனத்தை, நாங்கள் தலை மறைந்ததும் துணியால் வழித்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்ன, குடியா முழுகியிருக்கும்?

ஆனால் அவன் அடுத்துச் சொன்னதில் கோபமெல்லாம் வற்றிவிட்டது. “அரிசி மேல சக்கரம் ஒக்காந்திருக்குதுங்க. ஓட்ட ஓட்ட அது நொறுங்கி மாவாகிரும். அப்ப அத்தன போல்ட்டும் லூசாயிரும். வண்டிய எடுக்க வேண்டாங்க்கா.”

“எடுத்துட்டுப் போயிட்டாடா” என்றேன்.

6

மதிக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று அவளுக்குச் சொன்னது நான்தான். எத்தனையோ சொல்லியிருக்கிறேன், ஒன்றையும் கேட்காதவள், இதை மட்டும் கேட்டுத் தொலைத்திருக்கிறாள்.

அந்த நேரத்தில் என் மனத்தில் வந்ததையெல்லாம் எழுத முடியாது. நெடுஞ்சாலையில் அவளுக்குப் பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் போகும். என் பிள்ளையைக் காப்பாற்றவென்று வைத்த சந்தனம் அவளைக் கொன்றுவிடுமோ என்று நினைத்தேன். சரஸ்வதி படத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

போன் அடித்தது.

“மா! கார என்ன பண்ணீங்க? ஸ்டீரிங் பைத்தியம் மாதிரி ஷேக் ஆகுது. எயிட்டிகூடப் போகல நான்.”

“எங்க இருக்க, கண்ணு? ஓட்டாத!”

“ஓட்டல லா. பெட்ரோல் ஸ்டேஷன்ல நிக்கிறேன், புக்கிட் தீமா பக்கம். பூட்ல ஸ்பேனர் இல்ல, ஜாக்கி இல்ல. எங்க போச்சு எல்லாம்?”

எல்லாம் சாமிக்கு முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பூஜையில் வைத்ததை அன்றைக்கே எடுப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. கும்பிட்டுக்கொண்டுகூட எடுக்கவில்லை, அள்ளிக்கொண்டு ஓடினேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம், இழுவை வண்டியைக் கூப்பிட்டிருக்கலாம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்போது அந்தச் சக்கரத்தை என் கையால் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். டாக்சிக்காரர் என் மடியிலிருந்த ஜாக்கியையும் அதன் குங்குமப் பொட்டையும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தார்.

7

பெட்ரோல் நிலையத்திலும் எங்காவது ஒரு பலகை இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. ஓர் ஓரமாக வண்டியைத் தூக்கினோம். ஐந்தில் இரண்டு போல்ட் ஸ்பேனர் இல்லாமலே விரலுக்குத் திரும்பின. அதை நான் பார்த்தேன். மதியும் பார்த்தாள். மீதி மூன்றையும் ஸ்பேனரால் கழற்றினேன்.

சக்கரம் வந்ததும் உள்ளே குனிந்து பார்த்தாள். “இது என்ன மா? ரைஸா?”

“அட்சதை.”

“யூ புட் ரைஸ் இன்சைட் மை வீல்?”

“நீ நல்லபடியாப் போய்ச் சேரணும்னு வெச்சேன்” என்றேன். இரண்டு வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்தது, பெட்ரோல் வாடையில், கை முழுக்கக் கரியோடு நிற்கும்போது வாயிலிருந்து வந்துவிட்டது. அழுகையும் வந்துவிட்டது. மதி திட்டவில்லை. ஒரு பெட்டியைப் பிரித்து, புது அறைக்கென்று வாங்கியிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து, சந்தனத்தையும் மாவையும் ஒரு பொட்டு விடாமல் துடைத்தாள். எங்கள் அப்பாவும் இப்படித்தான் துடைத்திருப்பார் போலிருக்கிறது.

பிறகு போனில் எதையோ படித்தாள். “இதுக்கு ஒரு கைட் பின் இருக்குமாம் மா. டூல் கிட்ல, பிளாஸ்டிக், நீளமா, பென்சில் மாதிரி. அத மேல் ஓட்டைல திருகிட்டா சக்கரம் அதுல தொங்குமாம். நீங்க பாத்தீங்களா?”

பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு வாசலில் மிளகாய்ச் செடிக்கு முட்டுக்கொடுத்து நட்டு வைத்திருக்கிறேன். எதிலிருந்தோ உடைந்து விழுந்தது என்று நினைத்திருந்தேன். அதைச் சொன்னதும் மதி சிரிக்க ஆரம்பித்தாள். பெட்ரோல் போட வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு நானும் சிரித்தேன்.

கைட் பின் இல்லாததால் ஆள்தான் தாங்க வேண்டியிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து காலில் ஏற்றிச் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தாள். நான் ஓட்டையைப் பார்த்துச் சொன்னேன். “கொஞ்சம் மேல. உன் பக்கம். போதும், அசையாத.” முதல் முயற்சியிலேயே போல்ட் கவ்வியது. காலையில் ஒரு மணி நேரம் உருண்டு புரண்ட வேலை, இரண்டு பேர் சேர்ந்தால் ஒன்றுமே இல்லை.

வண்டியை இறக்கி முறுக்கி முடித்த பிறகு, ஜாக்கியில் ஒட்டியிருந்த குங்குமத்தை அவள் விரலில் தொட்டுக்கொண்டாள். டயரின் வெளிப்பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு பொட்டு வைத்தாள்.

“வெளியில மட்டும் மா. உள்ள வேணாம்.”

கொஞ்ச தூரம் ஓட்டியதும் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும் என்று அவள் போனில் போட்டிருந்ததாம். கொஞ்ச தூரத்தில் எது இருக்கிறது? ஃபேரர் பார்க் இருக்கிறது. என் கால் படாது என்று சொன்ன வீட்டுக்குக் கீழே இறங்கி, ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினேன். ஒன்றும் இம்மிகூட நகரவில்லை. பிறகு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். கட்டிலைப் போட்டால் கதவு உண்மையிலேயே பாதிதான் திறக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தேக்காப் பக்கத்திலிருந்து மல்லிகை வாசனையும் மீன் வாசனையும் சேர்ந்து வருகிறது. நன்றாக இல்லை என்று சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். துண்டு ஒன்று குறைகிறது, அவ்வளவுதான், அதுவும் என்னால்.

காரை நான் ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். கீழே வந்து வழியனுப்பினாள். சாவியைப் போடப் போனேன், கண்ணாடியைத் தட்டினாள்.

“மா, அடுத்த வாரமும் கார எடுத்துட்டு வாங்க. ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவ செக் பண்ணணுமாம். இதுல போட்டிருக்கு.”

“எங்க போட்டிருக்கு, காட்டு” என்றேன்.

அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“போட்டிருக்கு லா, மா.”